"கார்டுல கட்டலாமா?" என்று கேட்கிறார் வாடிக்கையாளர், பணம் யார் கணக்கில் விழும்?



சத்துமாவு, ஊறுகாய், பனை ஓலைக் கூடை, துணிப்பை என்று நம் குழுக்கள் செய்யும் பொருள்கள் இப்போது வாரச் சந்தையோடும் கண்காட்சியோடும் நிற்பதில்லை. கண்காட்சியில் ஒரு பாக்கெட் வாங்கிப் போன சென்னை அம்மா, மறுமாதம் வாட்ஸ்அப்பில் "இன்னும் நாலு பாக்கெட் அனுப்புங்க" என்கிறார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, தீபாவளிக்குத் தன் வேலையாட்களுக்குக் கொடுக்க 50 பெட்டி கேட்கிறது. விலை பேசி, முகவரி வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி வரும்: "கிரெடிட் கார்டுல கட்டலாமாங்க?"

"இல்லைங்க" என்றால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம். "சரிங்க" என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். "எங்க ஆப் போடுங்கக்கா, அஞ்சு நிமிஷத்துல ரெடி, கமிஷன் ரொம்பக் கம்மி" என்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும்? அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

நடுவில் இருப்பவர் யார்?

கார்டில் கட்டும் பணம் நேராக நம் கணக்குக்கு வருவதில்லை. நடுவில் ஒரு கம்பெனி இருக்கிறது. பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறோம். சொசைட்டி அளந்து எழுதிக்கொள்கிறது. பணம் அன்றைக்கே கையில் வருவதில்லை, குறிப்பிட்ட நாளில் பிடித்தம் போக வருகிறது. இதுவும் அப்படித்தான். வாடிக்கையாளர் தன் கார்டு எண்ணைப் போட்டு, தன் செல்லுக்கு வரும் ஓடிபியையும் போட்டதும், பணம் அந்த நடுக் கம்பெனியின் தனிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கு ஒரு வங்கியில் இருக்க வேண்டும், அதிலுள்ள பணத்தைக் கம்பெனி தன் சொந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அங்கிருந்து கட்டணம் போக மீதி நம் கணக்குக்கு வரும். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு, சிசிஅவென்யூ என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்கள் எல்லாம் இந்த வேலையைச் செய்பவை. இதில் எதையும் சேருங்கள் என்று நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. பெயர் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறோம்.

சொந்தமாக இணையதளம் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். பேமெண்ட் லிங்க் என்று ஒன்று உண்டு. இத்தனை ரூபாய் என்று நாம் போனில் அடித்தால் ஒரு லிங்க் வரும். அதை வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பினால், அவர் அதைத் தொட்டுக் கட்டிவிடுவார். கார்டு எண்ணை நம்மிடம் சொல்லவே வேண்டாம். சில வாடிக்கையாளர்கள், வயதானவர்கள்தான் பெரும்பாலும், "நம்பர் சொல்றேன், நீங்களே போட்டுக்கோங்க" என்பார்கள். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் விற்பவர் யாரும் வாடிக்கையாளரின் முழுக் கார்டு எண்ணைத் தன்னிடம் சேமித்து வைக்கக் கூடாது. நோட்டில் எழுதி வைத்து, நாளைக்கு அவர் கணக்கில் பணம் போனால் பழி யார்மேல் வரும், சொல்லுங்கள்.

முதலில், நமக்கு இது தேவையா?

ஒரு மாதம் ஆர்டர் நோட்டில் ஒரு கோடு கூடுதலாகப் போடுங்கள். பணம் எப்படிக் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்: ரொக்கம், யுபிஐ, வங்கி மூலம், கார்டு கேட்டார்கள். இருபது பேரில் ஒருவர்தான் கார்டு கேட்டிருக்கிறார் என்றால் அவசரமே இல்லை. யுபிஐ க்யூஆர் அட்டை போதும். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே ஏடிஎம் கார்டுக்கும் வியாபாரியிடம் வாங்கும் வங்கிக் கழிவு கிடையாது. 100 ரூபாய் கட்டினால் 100 ரூபாயும் வரும். பேசும் பெட்டி வைத்தால் அதற்கு மட்டும் மாத வாடகை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதில் இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் சேர்த்து, க்யூஆரை ஸ்கேன் செய்தே கட்டலாம். சிறு வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை இதற்கும் கழிவு இல்லை என்று விதி வைத்தார்கள். ஆனால் ஊக்குநர் தன் சொந்தப் போன் நம்பருக்கு வைத்திருக்கும் சாதாரண க்யூஆருக்குக் கிரெடிட் கார்டிலிருந்து பணம் வராது. வியாபாரி க்யூஆர் என்று கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் வங்கிக் கிளையிலேயே விண்ணப்பிக்கலாம்.

மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் இ-சரஸ் போன்ற தளத்தில் பொருளைக் கொடுத்து விற்கிறீர்கள் என்றால், அங்கே பணம் வாங்கும் ஏற்பாட்டை அவர்களே வைத்திருக்கிறார்கள். அதற்காக நாம் தனியாக ஒன்று வாங்க வேண்டாம்.

நூற்றுக்கு ரெண்டு என்றால் எவ்வளவு?

வட்டிக் கணக்கு நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நூத்துக்கு ரெண்டு" என்றால் மாத வட்டி என்று உடனே நினைப்போம். இது அப்படி இல்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு தடவை பிடிப்பது. கிரெடிட் கார்டுக்குப் பல கம்பெனிகள் 100-க்கு 2 ரூபாய் அளவில் கேட்கின்றன. ஒரே தடவையில் கார்டில் கட்டும் தொகை 2,000 ரூபாயைத் தாண்டினால் அந்தக் கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு.

500 ரூபாய் சத்துமாவு டப்பாவுக்குக் கட்டணம் 10 ரூபாய். அது போக 490 வரும். "பத்து ரூபாதானே" என்று தோன்றும். தானியம், வறுக்கிற கூலி, அரவைக் கூலி, டப்பா, கூரியர் எல்லாம் போக அந்த டப்பாவில் நமக்கு நிற்பது 60 ரூபாய் என்றால், 10 ரூபாய் என்பது லாபத்தில் ஆறில் ஒரு பங்கு. விற்கும் விலையோடு ஒப்பிடாதீர்கள். நிற்கிற லாபத்தோடு ஒப்பிடுங்கள். அப்போதுதான் வலி தெரியும். அதற்காக "கார்டுன்னா பத்து ரூபா சேர்த்துக் கொடுங்க" என்று கேட்பதும் சரியில்லை. ஏடிஎம் கார்டு விஷயத்தில் கழிவை வாடிக்கையாளர் தலையில் வைக்கக் கூடாது என்றே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. விலை வைக்கும்போதே இதையும் ஒரு செலவாகச் சேர்த்துக்கொள்வதுதான் முறை.

கமிஷன் குறைவு என்று சொல்லுகிற இடத்தில் வருடக் கட்டணம் ஒளிந்திருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2 சதவீதம் கேட்கிறார், வேறு கட்டணம் இல்லை. இன்னொருவர் 1.75 சதவீதம்தான் கேட்கிறார், ஆனால் வருடத்துக்கு 1,200 ரூபாய் தனி. வருடத்தில் கார்டில் விற்பது ஒரு லட்சம் என்றால் முதல் ஆளுக்கு 2,000. இரண்டாவது ஆளுக்கு 1,750-ம் 1,200-ம் சேர்த்து 2,950. கார்டு விற்பனை மட்டும் 4,80,000 ரூபாயைத் தாண்டினால்தான் இரண்டாவது ஆள் நமக்கு லாபம். நம் குழுக்களில் எத்தனை குழு அந்த அளவுக்கு வந்திருக்கிறது?

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். ஏடிஎம் கார்டுக்கு, வருட விற்பனை 20 லட்சம் வரை உள்ள சிறு வியாபாரியிடம் வங்கி 100-க்கு 40 காசுக்கு மேல் கழிவு வைக்கக் கூடாது என்று 2018 ஜனவரி 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. இது போக, யுபிஐக்கு வங்கிக் கழிவு இல்லை என்றாலும், நடுக் கம்பெனி தன் லிங்க் வழியாக வரும் எல்லாப் பணத்துக்கும் "சேவைக் கட்டணம்" என்று ஒரே மாதிரி 2 சதவீதம் பிடிப்பதுண்டு. அது அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதனால் யுபிஐயில் கட்டுபவருக்கு நம் க்யூஆர் படத்தை அனுப்புங்கள். கார்டுதான் வேண்டும் என்பவருக்கு மட்டும் லிங்க் அனுப்புங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே கட்டணத்தில் பெரும்பகுதி மிச்சமாகும்.

யார் பெயரில், யார் போனில்?

கமிஷனைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எங்களைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி.

சேவையில் சேர ஒரு பான் கார்டு, ஒரு வங்கிக் கணக்கு, ஒரு போன் நம்பர், ஒரு மின்னஞ்சல் வேண்டும். குழுவுக்குப் பான் கார்டு இல்லை என்றால் "அக்கா பேர்லயே போட்டுக்கலாம், சுலபம்" என்பார் ஏஜெண்டு. சுலபம்தான். ஆனால் பன்னிரண்டு பேர் உழைத்த பணம் ஒரு அக்கா கணக்கில் விழும். அந்த அக்கா நேர்மையானவர் என்பதில் சந்தேகமே வேண்டாம். அப்படியிருந்தும் அவர் பெயரில் உள்ள பழைய கடனுக்கு வங்கி பிடித்தம் செய்தால்? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அது போக, பான் யார் பெயரிலோ அவர் வருமானமாகத்தான் மொத்த விற்பனையும் தெரியும். வருமான வரம்பு பார்த்துக் கொடுக்கிற உதவித் திட்டங்களில் அவருக்குக் கேள்வி வர வாய்ப்பிருக்கிறது. குழுவின் வேலையைச் செய்ததற்காக அவர் ஏன் சிரமப்பட வேண்டும்? குழு பெயரில் பான் வாங்க முடியும். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். நாள் ஆனால் பரவாயில்லை, காத்திருங்கள்.

குழுக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். "ரெண்டு பேர் கையெழுத்துக் கணக்குல யுபிஐ ஓடாதே" என்று சிலர் சொல்வீர்கள். அனுப்புவதற்குத்தான் அந்தச் சிக்கல். நடுக் கம்பெனி நமக்குப் பணம் போடக் கணக்கு எண்ணும் வங்கிக் குறியீடும் போதும். பணம் உள்ளே வரும், வெளியே போக வேண்டுமானால் தீர்மானமும் இரண்டு கையெழுத்தும் வேண்டும். நமக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எது?

அடுத்தது போன். கணக்கு குழுவுடையதாக இருந்தாலும், சேவையின் கடவுச்சொல்லும் ஓடிபி வரும் போனும் யாரிடம் இருக்கிறதோ அவரே லிங்க் அனுப்பலாம், பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், பணம் விழும் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம். நம் குழுக்களில் இது எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். "எங்க பையன் காலேஜ் படிக்கிறான், அவன் பார்த்துக்குவான்" என்று ஊக்குநர் சொல்வார். பையனும் நல்ல மனதோடு தன் மின்னஞ்சலைக் கொடுத்துச் சேர்த்துவிடுவான். ஆறு மாதம் கழித்து அவன் திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விடுவான். கடவுச்சொல் அவனோடு போய்விடும். பணம் வந்ததா இல்லையா என்று பார்க்க அவனுக்குப் போன் போட வேண்டியிருக்கும். பையன் கற்றுக்கொடுக்கட்டும், தாராளமாக. நம்பரும் மின்னஞ்சலும் குழுவுக்கென்று தனியாக இருக்கட்டும். சிம் கார்டு யாரிடம் இருக்கும் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பொறுப்பாளர்கள் மாறும்போது பாஸ்புக்கை ஒப்படைப்பது போல இதையும் ஒப்படைத்துக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

பணம் எத்தனை நாளில்?

பொதுவாக ஒன்று முதல் மூன்று வேலை நாளில் வரும். "வேலை நாள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிய பணம் செவ்வாய், புதன்கூட ஆகலாம். தீபாவளி நேரத்தில் வெல்ல மண்டிக்காரர் நமக்காகக் காத்திருக்க மாட்டார். "உடனடி செட்டில்மெண்ட்" என்று சில கம்பெனிகள் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். பெரிய ஆர்டராக இருந்தால் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலை தொடங்குவது நல்லது.

புதிதாகச் சேர்ந்த கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்தால், சந்தேகப்பட்டு நிறுத்தி வைப்பதும் உண்டு. மாதம் 3,000 வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரே நாளில் 40,000 வந்தால் அவர்கள் விசாரிப்பார்கள். பில், ஆர்டர் கடிதம் கையில் இருந்தால் அனுப்பிவிடலாம். பெரிய ஆர்டர் வருகிறது என்று முன்கூட்டியே அவர்களுக்கு ஒரு மெயில் போட்டு வைப்பது இன்னும் நல்லது.

பணம் நம் ஊர் வங்கிக் கணக்கில் விழட்டும். ஆப் கம்பெனியின் சொந்த வாலட்டிலேயே தங்க விடாதீர்கள். 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு போட்டது. அந்த ஆண்டு மார்ச் 15-க்குப் பிறகு அதில் புதிதாகப் பணம் போட முடியாமல் போனது. அந்த வங்கியையே பணம் விழும் கணக்காக வைத்திருந்த கடைக்காரர்கள் வேறு வங்கிக்கு மாற ஓட வேண்டியிருந்தது. வேறு வங்கிக் கணக்கை இணைத்திருந்தவர்களின் க்யூஆர் தொடர்ந்து வேலை செய்தது.

"பொருள் வரவில்லை" என்று அவர் வங்கியில் சொன்னால்?

ரொக்க வியாபாரத்தில் இல்லாத ஒரு விஷயம் கார்டு வியாபாரத்தில் உண்டு. வாடிக்கையாளர் தன் வங்கியில் "பொருள் வரவில்லை" என்றோ "உடைந்து வந்தது" என்றோ புகார் கொடுத்தால், அந்தப் பணத்தை வங்கி திரும்பக் கேட்கும். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். விற்று மாதக்கணக்கில் ஆன பிறகும் வரலாம். நடுக் கம்பெனி நமக்குத் தகவல் அனுப்பி, சில நாள் கெடு கொடுக்கும். அந்தக் கெடுவுக்குள் பதில் போடவில்லை என்றால், அடுத்து வரும் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். மெயிலைப் பார்க்காமல் விட்டதாலேயே நியாயம் நம் பக்கம் இருந்தும் பணம் போகும்.

இதற்கு வேண்டியது மூன்று சின்னக் காகிதம்தான்: பில், ஸ்பீடு போஸ்ட் அல்லது கூரியர் ரசீது, பெட்டியை மூடும் முன் செல்லில் எடுத்த ஒரு போட்டோ. ஊறுகாய் பாட்டில் போன்ற உடையும் பொருளுக்குப் போட்டோ மிக முக்கியம். ஒரு கோப்பில் போட்டு ஆறு மாதமாவது வைத்திருங்கள். பொருளைத் திருப்பி அனுப்பினால் பணம் உண்டா, எத்தனை நாளுக்குள் என்பதை லிங்க்கோடு சேர்த்து இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். நாமாகவே பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் முதலில் பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது.

வந்திருப்பவர் சரியான ஆள்தானா?

2020 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி இந்த நடுக் கம்பெனிகளுக்கு விதிமுறை வெளியிட்டது. அனுமதி பெற்ற கம்பெனிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கூட்டமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து நாமே பார்த்துவிடலாம். புகார் அலுவலர் யார், எப்படித் தொடர்பு கொள்வது என்பதைக் கம்பெனி தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே அவர்கள் உதவி எண்ணுக்கு ஒரு தடவை போன் பண்ணிப் பாருங்கள். தமிழில் பேசுகிறார்களா, ஆள் பேசுகிறாரா, மிஷின் மட்டும் பேசுகிறதா என்று தெரிந்துவிடும். தீபாவளிக்கு முந்தின நாள் பணம் நின்றுபோனால் பேசப் போவது அந்த எண்ணில்தான்.

ஒன்றை மட்டும் குழுவில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பணம் வாங்குவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதில்லை, எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ஓடிபி சொல்ல வேண்டியதில்லை. "பணம் அனுப்பிருக்கேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, வந்துரும்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. ஏமாந்தது தெரிந்த அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

பத்து ரூபாய் வாங்கிப் பாருங்கள்

சேர்ந்தவுடன் முதல் ஆர்டரை இதில் வாங்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவரின் கார்டில் பத்து ரூபாய் கட்டச் சொல்லுங்கள். எத்தனை நாளில் வந்தது, எவ்வளவு வந்தது என்று பாஸ்புக்கில் பதிந்து பாருங்கள். பிறகு இன்னொரு பத்து ரூபாயை வாங்கித் திருப்பிக் கொடுத்தும் பாருங்கள். இருபது ரூபாய் செலவில் ஏஜெண்டு சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும்.

கணக்கு எழுதும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 490 வந்தது என்று அப்படியே வரவில் எழுதாதீர்கள். விற்பனை வரவு 500 என்றும், வங்கிக் கட்டணச் செலவு 10 என்றும் இரண்டு வரியாக எழுதுங்கள். அப்போதுதான் ஆண்டு முடிவில் கார்டுக்காக எவ்வளவு கொடுத்தோம் என்று தெரியும். நடுக் கம்பெனி பல விற்பனைப் பணத்தைச் சேர்த்து ஒரே தொகையாகப் போடும். பாஸ்புக்கில் 2,450 என்று ஒரு வரிதான் இருக்கும். அது ஐந்து டப்பாவின் பணம் என்று பார்க்க மாத அறிக்கையை இறக்கி, ஆர்டர் நோட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்த அறிக்கையை எப்படி எடுப்பது என்று தெரியாதவர்கள் குழுவின் போனையும் ஆர்டர் நோட்டையும் எடுத்துக்கொண்டு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள். தனியாக வராமல் இரண்டு பொறுப்பாளர்களாகச் சேர்ந்து வாருங்கள், இருவருமே கற்றுக்கொள்ளலாம்.